எழுத்தில்லாத விசையில் தமிழ் பழகுவது எப்படி

"அக்கா, கீபோர்ட்டில் ஒட்டுகிற தமிழ் ஸ்டிக்கர் எங்கே வாங்கலாம்?" ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறவள். காணி உறுதி, சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ் என்று நாள் முழுக்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிக்கொண்டே இருக்கிற தொழில். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் தட்டச்சுப் பழக வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: ஸ்டிக்கர் வேண்டாம்.

கொழும்புக் கடைகளில் நான் பார்த்த மெக்கானிக்கல் கீபோர்ட்டுகளில் ஆங்கில எழுத்து மட்டும்தான் அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய வசதி. ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இரண்டு விரலால், விசையைப் பார்த்துப் பார்த்துத் தட்டி வந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடுவதற்கே பாதிச் சக்தி போய்விடும். தமிழில் விட வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. பார்ப்பதற்கு எழுத்தே இல்லையென்றால் கண் தானாகத் திரைக்குப் போகும், இடத்தை விரல் ஞாபகம் வைத்தாக வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் கண் மறுபடியும் கீழே இறங்கிவிடும். போதாததற்கு, நம்முடைய வெயிலுக்கும் வியர்வைக்கும் அதன் ஓரம் கிளம்பி, பசை விரலில் ஒட்டும்.

விசையைப் பார்க்காமல் தட்டுவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய போட்டியைச் சொல்வேன். 1888 ஜூலை 25ஆம் திகதி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிராங்க் மக்கரின், லூயி ட்ராப் என்ற இரண்டு தட்டச்சாளர்கள் மோதினார்கள். மக்கரின் ரெமிங்டன் இயந்திரத்தின் விசைகளை மனப்பாடமாக வைத்திருந்தார், கண் தாளை விட்டு நகரவில்லை. வென்றவர் அவர்தான். பார்க்காமல் தட்டும் முறை பரவியது அதற்குப் பிறகு. மொழிபெயர்ப்பிலும் இதே கணக்குத்தான். மூலத்தை வாசிக்கிற கண் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே போய் மேலே வந்தால், எந்த வரியில் விட்டோம் என்று தேடுவதிலேயே நேரம் கழியும். உறுதியில் ஒரு காணி எல்லை விடுபட்டுப் போவதும் அப்படித்தான்.

முதலில் விசையமைப்பு

கீபோர்ட்டுக்குக் காசு செலவழிக்கும் முன், தமிழை எந்த முறையில் தட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இதை மாற்றுவதுதான் பிறகு கஷ்டம். கீபோர்ட்டை எப்போதும் மாற்றலாம்.

இலங்கையில் பல வேலைத்தலங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவும் அதன் விசையமைப்பும்தான் புழங்குகின்றன. அதில் 'அம்மா' என்று வர ஆங்கில விசையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுவதால் 'கொ' என்பதற்குக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். பழகியவர்கள் இதில் மின்னல் வேகத்தில் தட்டுவார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். கை ஏற்கெனவே பாமினிக்குப் பழகிவிட்டதென்றால் அதை விட வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி முறையிலேயே தட்டி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் பெறலாம்.

ஒலிபெயர்ப்பு முறை, அதாவது ஆங்கில எழுத்தில் தட்டத் தமிழ் வருவது, ஒரு நாளைக்கு நாலு வரி எழுதுகிறவருக்குப் போதும். ஆனால் பக்கக் கணக்கில் எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் மனதில் ஆங்கில எழுத்தாக்கித் தட்டுவது வீண் சுமை. இலங்கை அரச தரமான எஸ்.எல்.எஸ். 1326இல் ரெங்கநாதன் விசையமைப்பு இருக்கிறது. போகிற வேலையிடத்தில் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் அதையே பழகுங்கள்.

புதிதாகத் தொடங்குகிற மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு அது. விண்டோஸ் 10இல் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்ட்டாகத் தமிழ்99ஐத் தெரிவு செய்தால் போதும். மக் கணினியிலும் உண்டு.

இதன் அழகு, உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய் அநேகமாக எல்லாம் வலது கையில் இருப்பது. உயிர்மெய் என்றால் வலது ஒரு தட்டு, இடது ஒரு தட்டு. 'கொழும்பு' என்று தட்டிப் பாருங்கள்: க, ஒ, ழ, உ, ம, ப, உ. வலம், இடம், வலம், இடம், வலம், வலம், இடம். ஏழே தட்டு, ஷிப்ட் விசை தேவையே இல்லை. 'ம்' என்பதற்குப் புள்ளியும் வைக்கவில்லை, கவனித்தீர்களா? மெல்லினத்துக்குப் பின் அதன் இனமான வல்லினம் வந்தால் புள்ளி தானாக விழும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினாலும் அப்படியே: க, க என்றால் க்க. புள்ளி விழக்கூடாத இடத்தில் நடுவே அ-வைத் தட்டுங்கள். 'பப்பாசி' என்பதை ப, அ, ப, ப, ஆ, ச, இ என்று தட்ட வேண்டும்.

இந்த இரட்டைத் தட்டுதான் எந்தக் கீபோர்ட் வாங்குவது என்ற கேள்விக்கும் பாதிப் பதில்.

சுவிச் தெரிவு

சாதாரணக் கீபோர்ட்டில் விசைகளுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். விசையை அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும், ரப்பர் பழசாகும்போது அமுக்கு ரொட்டிக்கு மா குழைப்பது போல் ஆகிவிடும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிச், தனித்தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செரி நிறுவனம் செய்த எம்எக்ஸ் சுவிச்தான் இதற்கு அளவுகோல் மாதிரி. அதன் முழு ஓட்டம் 4 மில்லிமீற்றர், எழுத்து விழுவது பாதி வழியில், 2 மில்லிமீற்றரில். அதனால் அடிவரை இடிக்கத் தேவையில்லை. நாள் முழுக்கத் தட்டுகிறவரின் விரல் மூட்டுக்கு அந்த மிச்சம் பெரிய விஷயம். செரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் மலிவாகச் செய்யத் தொடங்கின. நம்முடைய கையில் வருவது பெரும்பாலும் அவைதான். அவையும் நல்லவை.

நிறத்தைச் சொல்லித்தான் சுவிச்சைக் கேட்பார்கள். ரெட் என்றால் தடையே இல்லாமல் நேராக இறங்கும். பிரவுன் என்றால் எழுத்து விழுகிற இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். புளூ என்றால் அந்த மேட்டோடு 'டிக்' என்று சத்தமும் வரும். செரியில் ரெட்டும் பிரவுனும் ஏறத்தாழ 45 கிராம் அமுக்குக்கு வேலை செய்யும், பிளாக்குக்கு 60 கிராம் வேண்டும். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த நிறங்களையே பின்பற்றுகின்றன, ஆனாலும் கைவைத்துப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கடையில் முதலில் கையைக் கவர்வது புளூதான். அந்தச் சத்தத்துக்கே சிலர் வாங்கிவிடுவார்கள். தமிழ் தட்டப் போகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். புளூ சுவிச்சில் எழுத்து விழுகிற இடமும், விசை மறுபடி தயாராகிற இடமும் ஒன்றல்ல. இரண்டாவது தட்டு விழ வேண்டுமானால் விரலை இன்னும் கொஞ்சம் மேலே எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இது பெரிதாகத் தெரியாது. தமிழ்99இல் தெரியும். 'கொள்ளுப்பிட்டி' என்ற ஒரு சொல்லிலேயே ளள, பப, டட என்று மூன்று இரட்டைத் தட்டு. வேகம் கூடும்போது இரண்டாவது தட்டு விழாமல் 'கொளுபிடி' என்று வந்து நிற்கும். ரெட்டிலும் பிரவுனிலும் விரலைச் சற்றுத் தளர்த்தினாலே விசை அடுத்த தட்டுக்குத் தயார்.

ரெட்டா பிரவுனா என்றால், பழகுகிறவருக்குப் பிரவுன். அந்தச் சின்ன மேடு 'எழுத்து விழுந்துவிட்டது, இனி அமுக்காதே' என்று விரலுக்குச் சொல்லிக் கொடுக்கும். நாலைந்து மாதம் போன பிறகு ரெட் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். பிளாக் போன்ற கனமான சுவிச் வேண்டவே வேண்டாம். காரணம் வலது சுண்டு விரல். தமிழ்99இல் அந்த ஒரு விரலின் பொறுப்பில் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. எண்டரும் பேக்ஸ்பேஸும் அதற்கு மேலே. ஆங்கிலத்தில் சும்மா இருந்த விரல் தமிழில் மாடாய் உழைக்கும். அதற்கு இலேசான சுவிச் கொடுப்பது அவசியம்.

சத்தத்தையும் நினைக்க வேண்டும். கொழும்பில் நாங்கள் அநேகம் பேர் ஃபிளட்டில் இருக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. முதல் முறை வாங்குகிறவர் அங்கே நேரில் போவதே நல்லது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் மின்சாதனக் கடைகள் உண்டு, ஆனால் அந்தச் சனநெரிசலில் நின்று ஆறுதலாகத் தட்டிப் பார்க்க முடியாது. இணையத்தில் வாங்குவதை இரண்டாவது கீபோர்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, கணக்கு வேலை செய்கிறவருக்கு எண் பகுதியோடு கூடிய முழுக் கீபோர்ட். மற்றவர்களுக்கு எண் பகுதி இல்லாத 87 விசைக் கீபோர்ட் போதும். மவுஸ் உடம்புக்குக் கிட்ட வரும், வலது தோள் வலிக்காது. 60 சதவீதம் என்று சொல்கிற சின்னக் கீபோர்ட்டிலும் தமிழ்99 தட்டலாம், சதுர அடைப்பு விசைகளும் (ச, ஞ) மேற்கோள் விசையும் (ய) சாய்கோட்டு விசையும் (ழ) அதில் இருக்கும். அதைவிடச் சின்னதில் இவற்றில் சில இல்லாமல் போகும். ச இல்லாமல் தமிழ் எழுத முடியாது.

கடைக்காரரிடம் செருகிக் காட்டச் சொல்லுங்கள். நோட்பேட்டைத் திறந்து ஒரு பந்தி தட்டுங்கள், நாலு விசையை அமுக்கிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. இடைவெளி விசை, எண்டர், பேக்ஸ்பேஸ் என்ற நீள விசைகளை ஓரத்தில் அமுக்கிப் பாருங்கள். மலிவானவற்றில் அவை கடகடவென்று ஆடும், வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் மட்டும்தான் காதில் விழும். எஃப், ஜே விசைகளில் உள்ள மேடு விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், பார்க்காமல் தட்டுகிறவருக்கு அதுதான் வழிகாட்டி. கீகப், அதாவது விசையின் மேல்மூடி, பிபிடி பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது. ஏபிஎஸ் என்றால் சில மாதத்தில் எண்ணெய் தடவியது போல் பளபளக்கத் தொடங்கும்.

ஹொட்சுவப் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஈயப் பற்று இல்லாமல் சுவிச்சைக் கையாலேயே பிடுங்கி மாற்றுகிற வசதி அது. ஒரு சுவிச் பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றலாம், பிரவுன் பிடிக்கவில்லையென்றால் ரெட் போடலாம். மூன்று முனைச் சுவிச்சா ஐந்து முனையா என்பதையும் கேட்டு வையுங்கள். வண்ண விளக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பழகுவது

இதற்கெல்லாம் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற பழைய கீபோர்ட்டில் இன்றைக்கே தொடங்கலாம். விரலுக்கு இடம் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் எந்தச் சுவிச் உங்களுக்குச் சரி என்று விரலே சொல்லும்.

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். கீபோர்ட்டின் பின்பக்கக் காலை மடக்கி விடுங்கள். மெக்கானிக்கல் ஏற்கெனவே உயரம் கூடியது, காலையும் விரித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். தட்டும்போது மணிக்கட்டை மேசையில் ஊன்றக்கூடாது, நிறுத்தி யோசிக்கும்போது ஊன்றலாம்.

இடது ஆட்காட்டி விரலை எஃப் மேட்டிலும் வலது ஆட்காட்டி விரலை ஜே மேட்டிலும் வையுங்கள். தமிழ்99இல் அவை புள்ளியும் ப-வும். தமிழில் அடிக்கடி தேவைப்படும் புள்ளி, விரல் ஓய்வெடுக்கிற இடத்திலேயே இருக்கிறது. இடது சுண்டு விரலிலிருந்து அ, இ, உ, புள்ளி, ஆட்காட்டி விரலை உள்ளே நீட்டினால் எ. வலது ஆட்காட்டியிலிருந்து ப, ம, த, ந, உள்ளே நீட்டினால் க, சுண்டு விரலை வெளியே நீட்டினால் ய. இந்த 11 இடத்தை வைத்தே எத்தனையோ சொல் தட்டலாம்: அது, இது, எது, பத்து, பந்து, உப்பு, பகுதி, கப்பம், தயக்கம், மயக்கம். முதல் கிழமை முழுக்க இவற்றோடே இருங்கள்.

அடுத்ததாக மேல் வரிசைக்குப் போகச் சொல்வது வழக்கம். நான் கீழ் வரிசையின் ர, ல, வ மூன்றையும் முதலில் கொடுப்பேன். தமிழில் எந்தப் பந்தியை எடுத்தாலும் இவை கொட்டிக் கிடக்கும், இவை வந்துவிட்டால் சொல் என்று சொல்லக்கூடிய சொல் தட்டலாம். அவர், கதவு, வயல், கப்பல், மருந்து. பிறகு மேல் வரிசையில் ன, ட, ஆ, ஐ. அதற்குப் பிறகு மிச்சம். சுண்டு விரல் தூரம் போக வேண்டிய ச, ஞ இரண்டையும் கடைசியில் வையுங்கள். கிரந்த எழுத்துகள் ஷிப்டோடு மேல் வரிசை இடது பக்கத்தில் இருக்கின்றன. தேவைப்படும்போது அவை தாமாகப் பழகும்.

எல்லா எழுத்தும் வந்த பிறகு நான் கொடுக்கிற பயிற்சி கரையோர ரயில் பாதை. கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை. இரட்டைத் தட்டு, தானாக விழும் புள்ளி, கிரந்தம் எல்லாம் இதற்குள் வந்துவிடும். பெயர்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் தாளைப் பார்க்கவும் தேவையில்லை. கோட்டைக்குப் போய் அப்படியே கல்கிசைக்குத் திரும்பி வாருங்கள்.

காலையில் 20 நிமிடம், இரவில் 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் இருந்து மற்ற நாள் விட்டுவிடுவதில் பலன் இல்லை, விரல் ஞாபகம் தூக்கத்தோடு சேர்ந்துதான் ஊறும். கண் கீழே போனால் ஒரு மெல்லிய துவாயைக் கைக்கு மேல் போட்டு மூடிவிடுங்கள். பிழை விட்டால் உடனே பேக்ஸ்பேஸுக்கு ஓடாதீர்கள். சொல்லை முடித்து, அதே சொல்லை மறுபடி சரியாகத் தட்டுங்கள். பேக்ஸ்பேஸ் பழகிய கைக்குப் பிழை பழகிவிடும். வேகத்தைப் பற்றி இந்தக் கட்டத்தில் யோசிக்கவே வேண்டாம். ஒரே சீராக, மெதுவாக. வேகம் அதற்குள்ளிருந்து வரும்.

ஏற்கெனவே வேறு முறையில் தட்டிவருகிறவர் என்றால், வேலைக்கு அவசரமாக அடிக்க வேண்டியதைப் பழைய முறையிலேயே அடியுங்கள். புதிய முறையின் வேகம் பழையதில் பாதிக்கு வந்ததும் பழையதை ஒரேயடியாக விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் எரிச்சல் வரும், கை தானாகப் பழைய இடத்துக்குப் போகும். விட்டுக்கொடுக்காமல் இரண்டு மூன்று கிழமை தள்ளிவிட்டால் பிறகு கை திரும்பாது.

அப்புறம் உண்மையான எழுத்துக்கு வாருங்கள். வீரகேசரியின் ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து மேசையின் இடது பக்கம் நிமிர்த்தி வைத்துத் தட்டுங்கள். அதைவிட நல்லது, வீட்டில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தட்டுவது. ஒரு பிள்ளையின் அம்மம்மா தினமும் பின்னேரம் மரண அறிவித்தல் பக்கத்தை வாசிப்பார், பேரன் தட்டுவான். ஊர்ப் பெயரும் உறவுமுறையும் நிறைந்த அந்தப் பக்கம் அருமையான பயிற்சி. ஆங்கிலத்துக்குக் கீபிஆர் என்ற இணையத்தளம் போதும். சில எழுத்தோடு தொடங்கி, நீங்கள் தேறத் தேற ஒவ்வொன்றாகச் சேர்க்கும்.

தமிழ் வேகத்தை அளக்க ஆங்கிலக் கணக்கை எடுக்காதீர்கள். அங்கே ஐந்து எழுத்துக்குறியை ஒரு சொல் என்று வைத்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று பார்ப்பார்கள். யூனிகோடில் 'கொ' என்ற ஒரு எழுத்தே இரண்டு குறி, அதனால் எண் பெரிதாகத் தெரியும். ஒரு ஏ4 பக்கத்தை எத்தனை நிமிடத்தில், எத்தனை பிழையோடு முடிக்கிறீர்கள் என்று பாருங்கள். வேலை தருகிறவரும் அதைத்தான் பார்ப்பார்.

வலது சுண்டு விரலில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரலில் விறைப்போ மதமதப்போ நாட்கணக்கில் நின்றால் டொக்டரிடம் போக வேண்டும், தைலம் பூசிக்கொண்டு தொடரக்கூடாது.

மொழி மாற்றும் விசை

கொழும்பில் ஒரே கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் வரும், சில நேரம் சிங்களமும். விண்டோஸில் மொழி மாற்ற விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும். ஒரு நாளில் பல தடவை இதைச் செய்யக் கை எஃப், ஜே உள்ள நடு வரிசையை விட்டுப் போகிறது. மெக்கானிக்கல் கீபோர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இங்கேதான். வாங்கும்போது வியா அல்லது கியூஎம்கே என்ற மென்பொருளுக்கு ஒத்துழைக்கிறதா என்று கேளுங்கள். ஒத்துழைத்தால் யாருக்கும் பயன்படாத கப்ஸ்லொக் விசையை அந்த இரண்டு விசையின் கூட்டாக மாற்றி எழுதலாம். அந்த அமைப்பு கீபோர்ட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், எந்தக் கணினியில் செருகினாலும் கூட வரும். இடது சுண்டு விரலால் ஒரு தட்டு, மொழி மாறிவிடும். தமிழ்99இல் அந்த விரலுக்கு அ, ஆ, ஔ மட்டும்தான், இந்த வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பராமரிப்பு

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் இரவில் கீபோர்ட்டைத் துணியால் மூடி வையுங்கள். உப்புக் காற்று உலோகத் தகட்டில் கறல் பிடிக்க வைக்கும். சில மாதத்துக்கு ஒரு தடவை கீகப்பை எல்லாம் கழற்றி, சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கழற்றும் முன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் எந்த விசை எங்கே என்று தடுமாற வேண்டாம். இடையில் இருக்கிற தூசியை மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம்.

சுவிச் மாற்றும்போது அதன் செப்பு முனைகள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நேராக மேலிருந்து அமுக்குங்கள். சரிவாக அமுக்கினால் முனை மடிந்துவிடும். மடிந்ததைச் சின்னக் குறட்டால் நிமிர்த்தலாம். ஐந்து முனைச் சுவிச்சை மூன்று முனைப் பலகையில் போட வேண்டுமென்றால் நடுத்தண்டின் இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் கால்கள் இரண்டையும் நகவெட்டியால் வெட்டிவிடுங்கள், செப்பு முனையைத் தொடாதீர்கள்.

தேநீர் கொட்டினால் முதல் வேலை வயரைப் பிடுங்குவது. அடுத்தது கவிழ்த்து வைப்பது. சீனி போடாத பிளேன்ரி என்றால் காய விட்டாலே பெரும்பாலும் தப்பிவிடும். பால் தேநீர் என்றால் சீனியும் பாலும் சுவிச்சுக்குள் ஒட்டிக்கொள்ளும். கீகப்பைக் கழற்றி, நனைந்த சுவிச்சுகளையும் பிடுங்கி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, இரண்டு நாள் காற்றில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். காய்ந்த பிறகும் ஒட்டுகிற சுவிச்சை மட்டும் புதிதாக மாற்றுங்கள். அதற்காகவே வாங்கும்போது பத்துச் சுவிச் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.